நல்லா பாத்துக்கிட்டாங்களா?

மலர்,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அடுப்பில் குக்கரே இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். விசில் சத்தம் எதுவும் கேட்காத போனில் "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய். அந்த "சரிம்மா"தான் என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைக்கிறது. நேரில் பேசினால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். வளைகாப்பு அன்று வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள், கை நிறைய வளையலோடு நீ நடுவில் உட்கார்ந்திருப்பாய், அங்கே இதைப் பேச முடியாது. உன்னை ஓசூரிலிருந்து இங்கே கூட்டி வந்த பிறகு நிதானமாகப் பேசலாம் என்றால், அதற்குள் நீ முடிவு செய்து முடித்திருப்பாய். நீ என் பெண்தானே.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "தலைப்பிரசவம் அம்மா வீட்ல, அதுல எனக்கு ஒண்ணும் மாத்தமில்ல. நம்ம பக்கத்துல இருக்கற பி.ஹெச்.சி.யிலயே பாத்துக்கறேன். நீதான அங்க மார்க் போட்ட? நல்லா இருக்குன்னு நீதான சொன்ன?" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். "பாக்கலாம்னா என்னாம்மா? ஊருக்கு நல்லாருக்கு, உம் பொண்ணுக்கு நல்லா இல்லியா?" என்றாய். அப்போதுதான் குக்கர் வந்தது.

என் வேலை உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது "எங்கம்மா ஆஸ்பத்திரிக்கெல்லாம் எக்ஸாம் வைக்கறாங்க" என்று சிநேகிதிகளிடம் சொல்வாய். ஏறக்குறைய சரிதான். நீ பி.ஹெச்.சி. என்கிற கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியம் எப்படி நடக்கிறது, மருந்து இருக்கிறதா, பிரசவ அறை சுத்தமாக இருக்கிறதா, வருகிறவர்களை மரியாதையாக நடத்துகிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற குழுவில் நான் ஒருத்தி. ஒரு டாக்டரும் கூட வருவார். நாங்கள் போட்ட மதிப்பெண்ணை வைத்துத்தான் அந்த இடத்துக்குத் தரச்சான்று கிடைக்கும். எந்தத் தேதியில் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவோம். அதுதான் முறை.

நம் வீட்டிலிருந்து செங்கம் சாலையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வருகிற அந்த நிலையத்துக்கு நாங்கள் போன அன்று வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். நடுவில் கலர் பொடியால் நல்வரவு. சுவரில் பெயிண்ட் வாசனை போகவில்லை. கட்டில்களில் விரித்திருந்த விரிப்புகளில் கடையில் மடித்த கோடுகள் அப்படியே இருந்தன. நான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற நர்ஸையும் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். விரிப்பு சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் எங்கள் செக்லிஸ்ட்டில் இருக்கும் கேள்வி. சுத்தமாக இருந்தது. நேற்றும் இருந்ததா என்று கேட்க அதில் இடமில்லை.

அந்த நர்ஸ் பெயர் சரளா. என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் கனத்த குரல். பிரசவமான தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று எங்கள் டாக்டர் கேட்டதும் ஒரு தலையணையை எடுத்து வயிறு மாதிரி வைத்துக்கொண்டு, எங்கே கை வைத்து அழுத்துவேன், எந்த ஊசியை முதலில் போடுவேன், யாரைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவேன் என்று தடுமாறாமல் செய்து காட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று வெளியே நின்ற டிரைவரிடம் கேட்டோம். "அரை அவர்ல கொண்டு போயிடுவேன் சார்" என்றார். எழுதிக்கொண்டோம். அது ஒரு சாதாரண நாளின் காலை நேரம், ரோடு காலியாக இருந்தது.

கடைசியாக நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. வைத்தியம் முடிந்து வெளியே வருகிற ஒன்றிரண்டு பேரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது. அன்று கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். தனியாக என்று பேர்தான், சரளா சிஸ்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா பாத்துக்கிட்டாங்களா?"

"நல்லா பாத்துக்கிட்டாங்க."

"யாராவது திட்டினாங்களா?"

"ஐய, அதெல்லாம் இல்லம்மா."

"மறைவா துணி கட்டித்தான் பாத்தாங்களா?"

"எல்லாம் பாத்தாங்கம்மா. சொல்லிட்டேன் இல்ல, நான் போலாமா? பஸ்ஸு போயிடும்."

போகச் சொன்னேன். முழு மதிப்பெண் போட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் போனில், "நம்ம பக்கத்துல இருக்கறது ரொம்ப நல்லா வெச்சிருக்காங்கடி" என்று சொன்னதும் நான்தான். அதில் பொய் எதுவும் இல்லை. அன்று பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் பிள்ளையோடு அங்கே போகிறேன் என்றதும், எனக்கு அந்த மடிப்புக் கோடுகள் மட்டும்தான் கண்ணுக்குள் வருகின்றன.

நல்லா பாத்துக்கிட்டாங்க என்ற பதிலைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. நீ பிறந்தது டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில். அப்போதைக்கு அதுதான் நல்ல இடம் என்று பேர். வலி தாங்காமல் நான் கத்தியபோது அங்கே வேலை செய்த ஒரு அம்மாள், "வாய மூடு, ஊர்ல நீ மட்டுந்தான் பெக்கறியா" என்று தொடையில் ஓர் அடி வைத்தாள். கதவு திறந்தே கிடந்தது. ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் தோளில் ஏணியோடு அந்த வழியாகப் போனார், திரும்பியும் வந்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் வழி. எனக்கு வலியைவிட அந்த ஏணிதான் இன்றுவரை ஞாபகம் இருக்கிறது. மறுநாள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள், "நல்லா பாத்துக்கிட்டாங்களா?" நானும் எல்லாரிடமும் "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றேன். நீ மடியில் கிடந்தாய், பத்து விரலும் சரியாக இருந்தன, உன் அப்பா அந்த அம்மாள் உட்பட எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எதைச் சொல்வது? பிள்ளை நல்லபடியாகக் கையில் வந்துவிட்டால் நடந்தது எல்லாம் நல்லதாகிவிடுகிறது. அதைச் சொன்னால் பிள்ளைக்கே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வேறு. இது தெரிந்தவள்தான் நான். தெரிந்தும், பஸ்ஸுக்கு அவசரப்பட்ட அந்தப் பெண்ணின் பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன்.

உன் அப்பா விஷயத்தை ரொம்பச் சுலபமாக முடித்துவிட்டார். "எதுக்கு ரிஸ்க்கு? டவுன்ல பிரைவேட்ல பாத்துக்கலாம்" என்றார்.

"அங்க மட்டும் ரிஸ்க் இல்லியா?"

"ஏசி இருக்குல்ல."

"ஏசி இருந்தா ரிஸ்க் கம்மியா?"

"வேர்க்காதுல்ல" என்றார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கெல்லாம் மார்க் போடுவ. வீட்ல ஒரு கேள்வி கேட்டா வாயே தொறக்க மாட்டேன்ற" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

சமையலறைக் காலண்டரில் டாக்டர் உனக்குச் சொன்ன தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மிக அருகிலேயே பௌர்ணமி வருகிறது. நீ இந்த ஊரில் வளர்ந்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் பௌர்ணமி என்றால் உனக்குக் கொண்டாட்டம், ஸ்கூல் பஸ் வராது. கிரிவலத்துக்கு ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டால் நம் பக்கத்திலிருந்து ஊருக்குள் ஒரு வண்டி போக முடியாது. சுற்றிப் போகிற ரோடு இருக்கிறது, ஆனால் அதிலும் வெளியூர் பஸ்ஸும் வேனும் நெருக்கியடித்து நிற்கும். நமக்கு இந்தப் பக்கம் அந்தச் சின்ன நிலையம், ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, நடுவில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிற ஜனக்கூட்டம். அரை மணி நேரம் என்று நான் எழுதிக்கொண்டு வந்தேனே, அது எந்த நாளின் அரை மணி நேரம்? இந்த ஊரிலேயே இருந்துகொண்டு அந்தக் கேள்வியை நான் டிரைவரிடம் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த எங்கள் டாக்டர் கேட்காததில் ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே ஒரு தடவை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. சொல்லாமல் போக வேண்டும், மேடமாகப் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள், கூட்டம் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளுத்துப்போன ஒரு காட்டன் புடவை கட்டிக்கொண்டேன். முகத்துக்கு மாஸ்க். ஆபீஸ் பையை வைத்துவிட்டு மளிகைக்கடை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். உன் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க, திருடப் போறியா?" என்று கேட்டார்.

வாசலில் கோலம் இல்லை. செருப்புகள்தான் தாறுமாறாகக் கிடந்தன. பெஞ்சு நிறைய பெண்கள், ஒவ்வொருத்தி கையிலும் அட்டை, கூட வந்த மாமியாரோ அம்மாவோ. நான் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பரிசோதனை அறை பாதி தெரிந்தது. திரைச்சீலையை ஒதுக்கிச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். கட்டில் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உன்னைவிடச் சின்னவள். சரளா சிஸ்டர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வைத்திருந்தார். வீங்கிய கால். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, அந்தக் குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய சாப்ட்டியா, கோழிக்குப் போட்டியா?"

"மறந்துட்டேன் சிஸ்டர்."

"சோறு திங்க மறந்தியா? செல்லு பாக்க மறந்தியா? போன வாரமே வரச் சொன்னேன் இல்ல?"

வெளியே பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சரளா சிஸ்டரின் கை மட்டும் வேறு ஆளுடைய கை மாதிரி இருந்தது. அவசரமே இல்லாமல் ஒரு காலைப் பார்த்துவிட்டு அடுத்த காலை எடுத்து வைத்துக்கொண்டது. நான் பார்க்க வந்தது இதைத்தான் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஏதோ ஒரு பதில் கிடைத்திருக்கும்.

ஆனால் என் பழக்கம் என்னை விடவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறக் குப்பைத் தொட்டி இருந்தது. எந்த நிறத் தொட்டியில் எதைப் போட வேண்டும் என்பது எங்கள் செக்லிஸ்ட்டில் முக்கியமான ஒன்று. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில்தான் இருக்க வேண்டும். என்னையறியாமல் காலால் மிதித்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டேன். துடைப்பத்தோடு போன பெண் நின்றாள். என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "சிஸ்டர், மேடம் வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தாள்.

அந்த நொடியில் நடந்ததை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். சரளா சிஸ்டரின் கை அந்தக் காலிலிருந்து எடுபட்டது. அவர் எழுந்து திரையை அவிழ்த்து இழுத்துவிட்டார். நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போய், பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகம் என்று எதையும் விடாமல் என் கண் முன்னால் மெதுவாகக் கழுவினார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது, டீ வந்தது. "வாங்க மேடம், சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பமே" என்று தேன் மாதிரி ஒரு குரல். திரைக்குக் கீழே அந்தப் பெண்ணின் வீங்கிய கால்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. யார் மடியிலும் இல்லை.

"நான் சும்மாதான் வந்தேன் சிஸ்டர்" என்றேன்.

"சும்மா வர்றவங்க குப்பைத் தொட்டிய தொறந்து பாப்பாங்களா மேடம்?"

"மொதல்ல அந்தப் பொண்ணப் பாருங்க."

அவர் உள்ளே போனார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. தலை வலிக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்பதும், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் காற்று இறங்குகிற சத்தமும் கேட்டன. அந்த நிலையத்து டாக்டர் அம்மாவும் உள்ளே வந்து பார்த்தார். வெளியே வந்து அந்தப் பெண்ணின் அம்மாவிடம், "பிரஷர் ஜாஸ்தியா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில சேத்துடுங்க, இப்பவே வண்டி சொல்றோம்" என்றார்கள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல சிஸ்டர். வெள்ளிக்கிழமை கூட்டிம் போறேன்" என்றார் அந்த அம்மாள்.

சரளா சிஸ்டருக்கு நான் இருப்பது மறந்துவிட்டது. "வெள்ளிக்கிழமையா? வியாழக்கிழமை பௌர்ணமி. நாளைக்கே வேன் வர ஆரம்பிச்சுடும். அந்தக் கூட்டத்துல இவளுக்கு ஒண்ணுன்னா நான் எந்த வழியா கொண்டு போவேன்? மாட்ட நான் வந்து பாத்துக்கறேன், நீ வண்டில ஏறு."

வண்டி வந்தது, ஏறினார்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இப்படி முன்னாலேயே அனுப்பிவிடுவார்களாம். எங்கள் செக்லிஸ்ட்டில் இது இல்லை, அதனால் அவர்கள் எங்களிடம் சொல்லவுமில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் சரளா சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எம் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். இங்கயே பாத்துக்கறேன்றா. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மார்க் போட்டீங்க. ஆனா நம்பிக்கை வரல" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, "கூட்டிட்டு வாங்க மேடம். உங்க பொண்ணுன்னா தனியா பாக்க மாட்டோமா?" என்றார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. தனியாகப் பார்ப்பது என்றால் என்ன? மேடத்தின் பெண்ணுக்குத் தேன் குரல், மற்றப் பெண்களுக்கு 'கோழிக்குப் போட்டியா' என்ற திட்டா? மேடத்தின் பெண் என்பதற்காக எல்லாரும் என் முகத்தைப் பார்த்து நிற்கும்போது, உன் காலிலிருந்து கை எடுபட்டுவிடுமா? "நீங்க ட்யூட்டில இல்லாதப்ப வலி வந்தா?" என்று கேட்டேன். "புள்ள என்னா, என் ஷிஃப்ட் பாத்தா பொறக்கும்? மத்தவங்களும் நல்லாத்தான் பாப்பாங்க" என்றார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் மேஜை மேலிருந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். ராத்திரியில் டாக்டர் வீட்டில்தான் இருப்பார், கூப்பிட்டால் வருவார் என்றும் சொன்னார். பொண்ணு பேர் என்ன என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். அவருக்கு ஒரு மாதிரி ஆகியிருக்கும்.

அந்தப் பெண் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிரஷர் இறங்கியிருக்கிறது, இன்னும் பிரசவம் ஆகவில்லை என்று நேற்று தெரிந்தவர் மூலம் விசாரித்தேன். யாரோ ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பயந்தது இதுதான் முதல் தடவை. அவள் காலை நினைக்கும்போதெல்லாம் உன் கால் ஞாபகம் வருகிறது. உனக்குக் கால் வீங்குகிறதா? செருப்பு இறுக்குகிறதா? மாத்திரையை மறக்கிறாயா? போனில் கேட்டால் "அதெல்லாம் இல்லம்மா" என்பாய். அந்தக் குரலும் எனக்குப் பழக்கமான குரல்தான்.

திட்டினாலும் நன்றாகப் பார்க்கிறவர் என்று சரளா சிஸ்டரைப் பற்றி நான் இங்கே எழுதி முடித்துவிடலாம். நம் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம், வாய்தான் அப்படி, கை ராசியான கை என்று. எனக்கு அது பிடிக்கவில்லை மலர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். போன வாரமே அவள் வராததற்கு அந்தத் திட்டும் ஒரு காரணமாக இருந்தால்? கையும் வேண்டும், மரியாதையும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று என் தலைமுறை ஒத்துக்கொண்டது. நீ ஒத்துக்கொள்ளாதே. அதே சமயம், தேன் குரலைக் கேட்டு மயங்கி, கை எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்துவிடாதே. மார்க் போட்ட அன்று நான் மறந்தேன்.

அதனால் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வளைகாப்பு முடிந்து நீ இங்கே வந்ததும், முதல் செவ்வாய்க்கிழமை அங்கே போ. நான் கூட வர மாட்டேன். உன் அட்டையில் உன் கணவர் பெயர்தான் இருக்கிறது, உன்னை அங்கே யாருக்கும் தெரியாது. எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது, நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். என் முகம் உள்ளே வந்தால் அந்த இடம் வேறு இடமாகிவிடுகிறது, இதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். நீ பெஞ்சில் உன் முறை வருகிறவரை உட்காரு. உனக்கு முன்னால் போகிறவளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேள், உன்னிடம் பேசுவதைவிட அதுதான் முக்கியம். தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறார்களா, நீ கேட்காமலே திரையை இழுத்துவிடுகிறார்களா என்று பார். பௌர்ணமி அன்று வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுக் கேள். ராத்திரியில் யார் இருப்பார்கள் என்றும் கேள். கேட்டதற்கு எரிந்து விழுந்தால் அதுவும் ஒரு பதில்தான். சரளா சிஸ்டர் இல்லாத ஒரு நாளிலும் ஒரு தடவை போய்விட்டு வா.

உன் மனதுக்குச் சரி என்று பட்டால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். அது யார் என்று நீ சொல். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முயல்வேன். சரி என்று படாவிட்டால், முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடலாம். பௌர்ணமிக்கு முன்னால் அந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டே வேங்கிக்காலில் ஒரு வீடு பார்த்துத் தங்கிக்கொள்ளலாம். உன் அப்பாவின் ஏசியும் இருக்கிறது. ஆனால் நான் போட்ட மார்க்கை நம்பி அங்கே போகாதே. அம்மாவுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று பயந்தும் போகாதே. பிள்ளை பிறக்கிற இடத்தில் என் கௌரவத்துக்கு என்ன வேலை?

நீ அங்கிருந்து வெளியே வந்து ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வருவாய். நான் அதே கேள்வியைத்தான் கேட்பேன், எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. "நல்லா பாத்துக்கிட்டாங்களா?" என்பேன். உடனே "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிடாதே. என் பக்கத்தில் உட்காரு, தண்ணீர் குடி, உள்ளே நுழைந்ததிலிருந்து ஆரம்பித்துச் சொல். பஸ் போனால் போகட்டும்.

அம்மா